டிரங்குப் பெட்டித் தாள்களை ஸ்கேன் செய்தபின் எறிந்துவிடலாமா?

கேள்வி, 9 மார்ச் 2025

ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற இரண்டு டிரங்குப் பெட்டிகள் நிறையப் பழைய தாள்கள் இருக்கின்றன. ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு, தாள்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட நினைக்கிறேன். குடும்ப வரலாறு என்பது தகவல்தான். தகவல் பத்திரமான பிறகு தாள் வெறும் குப்பை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் உண்டா?

10 மார்ச் 2025

மறுக்கிறேன், ஆனால் பாதியை மட்டும். ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். தாளை எறியக் கூடாது.

எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். கொள்ளுத்தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு வேலை தேடி வந்தவர். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறியபோது, எங்கள் சித்தப்பாவும் 2004-இல் பெங்களூருக்கு வந்து, வரும்போது அந்தப் பெட்டியையும் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுப் பரணில் கொண்டுவந்து ஏற்றினார். உள்ளே தாத்தாவின் சுரங்க அடையாளச் சீட்டு, ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டுகள், அடகுச் சீட்டுகள், பழுப்பேறிய சில புகைப்படங்கள் இருந்தன.

2011-இல் சிவாஜிநகரில் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தோம். 212 தாள்கள். செலவைக் குறைப்பதற்காகக் கறுப்பு வெள்ளையில், ஒரு பக்கம் மட்டும். அந்த இரண்டு முடிவுகளையும் எடுத்தவள் நான். அன்றைக்கு எனக்கும் உங்களைப் போலவே தகவல் வந்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது.

தாத்தாவின் அடையாளச் சீட்டில் அவருடைய கட்டைவிரல் ரேகை இருக்கிறது. தொழிலாளர்களின் விரல் ரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-இல் தங்க வயலில் பெரிய வேலைநிறுத்தமே நடந்திருக்கிறது. அந்த ரேகை எங்களுக்கு வெறும் மைக்கறை அல்ல. கடைக்காரர் கொடுத்த ஸ்கேனில் அது ஒரு கரும்புள்ளி. தாளில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் தெரிகிறது, விரலின் குறுக்கே ஓடும் ஒரு வெட்டுத் தழும்பு உட்பட. தாளை எறிந்திருந்தால் அந்தத் தழும்பு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

10 மார்ச் 2025, இரவு

ஒரு திருத்தம். 212 என்பது கடைக்காரர் தந்த கோப்புகளின் எண்ணிக்கை. தாள்களை எண்ணிப் பார்த்தேன்: 219 இருக்கின்றன. ஏழு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இயந்திரத்தின் அடியில் போயிருக்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும், முதலில் தாள்களை எண்ணி எழுதிவைத்துக்கொண்டு பிறகு கோப்புகளை எண்ணுங்கள்.

16 மார்ச் 2025

எந்த அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஜாலஹள்ளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அச்சிட்ட எழுத்துக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும். சிறிய புகைப்படங்கள், பென்சில் எழுத்து, முத்திரை, கைரேகை ஆகியவற்றுக்கு 600 வேண்டும். கறுப்பு வெள்ளைத் தாளாகவே இருந்தாலும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். மையின் நிறமும், மஞ்சள் தடவிய மூலையும், பிற்காலத்தில் வேறு பேனாவால் யாரோ திருத்திய இடமும் வண்ணத்தில் மட்டுமே தெரியும்.

மூலப்படியை டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக் படி ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஜேபெக் கோப்பைத் திறந்து, திருத்தி, மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது விவரம் கழிகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கிவிடும்; அனுப்பத்தான் வேண்டும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கைப்பேசிச் செயலிகளில் எனக்குள்ள குறை, அவை தாளை வெளுத்துக் காட்டுவதுதான். பின்னணியை வெண்மையாக்கி எழுத்தைக் கறுப்பாக்கும் அந்த வசதி மின்கட்டண ரசீதுக்கு நல்லது. ஐம்பது ஆண்டு பழைய தாளில் மங்கிய பென்சில் குறிப்பையும் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடும். அதை அணைத்துவிட்டு எடுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட சட்டமிட்ட படங்களைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

29 மார்ச் 2025

சட்டப்படி ஸ்கேன் போதாதா என்ற கேள்விக்கு. அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஓர் அரசுத் துறையே நேரடியாக வழங்கும் ஆவணம், 2016-இல் வந்த விதிகளின்படி அசலுக்குச் சமமானது. நாமே ஸ்கேன் செய்து அதில் ஏற்றிவைக்கும் படத்துக்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டும் ஒரே செயலியில் அடுத்தடுத்துத் தெரிவதால் பலரும் குழம்புகிறார்கள்.

30 ஆண்டு பழமையான ஓர் ஆவணம் அதை வைத்திருக்க வேண்டியவரிடமிருந்தே வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ள இடம் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 90-ஆம் பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கையெழுத்துப் போட்டவரும் சாட்சிகளும் இறந்துபோன நிலையில் அந்தப் பழைய தாள் தனக்குத் தானே சாட்சி சொல்வதற்கு வழி அதுதான். ஆகவே பத்திரம், உயில், பாகப்பிரிவினைத் தாள் எதையும் எறியும் பேச்சே வேண்டாம்.

13 ஏப்ரல் 2025

மொய் நோட்டை வரலாற்று ஆவணம் என்று சொல்ல முடியுமா என்று ஒருவர் ஐயப்பட்டிருக்கிறார். எங்கள் பெட்டியில் அதைவிடப் பெரிய ஆவணம் வேறு இல்லை என்பேன்.

எங்கள் குடும்பத்துப் பெண்களில் 1950-க்கு முன் பிறந்த எவருக்கும் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிச் சான்று கிடையாது, சொத்துப் பத்திரத்தில் பெயர் கிடையாது. பாட்டியின் பெயர் எழுத்தில் கிடைப்பது மூன்றே இடங்களில்: குடும்ப அட்டை, ஒரு மூக்குத்தியை வைத்துப் பணம் வாங்கிய அடகுச் சீட்டு, மொய் நோட்டு. முதல் இரண்டிலும் அவர் இன்னாரின் மனைவி. மொய் நோட்டில் மட்டும்தான் இன்ன ஊர்க்காரர், இன்னாருக்கு அக்கா.

பெரியப்பாவின் கல்யாணம் 1958-இல் தங்க வயலில் நடந்தது. அந்த நோட்டில் முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, பங்காருப்பேட்டை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர் தனியாகக் கோடிட்டு எழுதப்பட்டிருக்கிறது. யார் எந்தப் பக்கத்து உறவு, யாரோடு பேச்சுவார்த்தை இருந்தது, யார் வரவில்லை என்பதெல்லாம் அதில் உண்டு. எழுதியவருக்கு வரலாறு எழுதும் எண்ணம் எதுவும் இருந்திருக்காது. நாளை திருப்பிச் செய்ய வேண்டிய கடனைத்தான் அவர் எழுதிவைத்தார். திருப்பிச் செய்ய வேண்டியிருந்ததால் ஒரு பெயரைக்கூடத் தவறாக எழுத முடியவில்லை.

இன்னொரு நோட்டு, சித்தப்பாவின் கல்யாணத்து மொய், சித்தப்பா மகனிடம் இருந்தது. அவர் 2013-இல் அதைக் கைப்பேசியில் எடுத்துவிட்டு நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். அந்தப் படங்களில் பெயர்களும் தொகைகளும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் சித்தி ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும், திருப்பிச் செய்த மொய்க்கு அடையாளமாகப் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, எந்த விசேஷத்துக்குச் செய்தோம் என்றும் எழுதிவைத்திருந்தார். சடங்கு, காது குத்து, கிருகப்பிரவேசம் என்று இருபது ஆண்டுக் கணக்கு அது. செயலி அந்தப் பென்சிலை எல்லாம் வெளுத்துவிட்டது. சித்தி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

14 ஏப்ரல் 2025

இன்று விசுவாவசு ஆண்டு பிறந்திருக்கிறது, எல்லோருக்கும் வாழ்த்துகள். ஆண்டுப் பெயரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழைய ஜாதகங்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால், கோப்புக்குப் பெயரிடும்போது ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். எங்கள் தாத்தாவின் ஜாதகத்தில் பிலவ வருஷம் ஆவணி மாதம் என்று இருக்கிறது. அதை நாங்கள் 1901 என்று கணக்கிட்டுக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிட்டோம்.

15 ஏப்ரல் 2025

பிலவ 1961-இலும் வந்ததே, அது 1901 என்று எப்படித் தெரியும் என்று மைசூரு சாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஜாதகத்தின் தலைப்பில் தாத்தாவின் பெயர் தெளிவாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் 1961-இல் பிறந்தவர் எவரும் இல்லை.

4 மே 2025

ஏப்ரல் 15 அன்று நான் எழுதியது தவறு. அந்த வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் கேட்டிருக்காவிட்டால் இது வெளிப்பட்டிருக்காது.

219 தாள்களையும் இருபக்கமும் மறுபடி ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறேன். நேற்று அந்த ஜாதகம் கைக்கு வந்தது. 2011-இல் எடுத்த படத்தில் அது ஒரு சாதாரணத் தாளாகத் தெரிகிறது. கையில் எடுத்தால் தடிப்பாக இருக்கிறது. அது ஒரு பள்ளி நோட்டின் பின்னட்டை. ஜாதகம் எழுதப்பட்டிருப்பது அதன் வெற்றான உட்புறத்தில். திருப்பினேன். வெளிப்புறத்தில் பெருக்கல் வாய்பாடு, அதற்குக் கீழே நாணய வாய்பாடு: 100 நயா பைசா 1 ரூபாய்.

நம் நாட்டில் தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. அதற்கு முன் 16 அணா ஒரு ரூபாய். ‘நயா’ என்ற சொல் 1964 ஜூன் 1 முதல் விடப்பட்டது. ஆகவே அந்த அட்டை இந்த ஏழு ஆண்டுகளுக்குள் அச்சாகியிருக்க வேண்டும். பெரியப்பாவின் கல்யாண மொய் 1958-இல்கூட அணாக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் பழைய கணக்கை உடனே விடவில்லை. ஆனால் 1957-க்கு முன் ஒருவர் நயா பைசாவை அச்சிட்டிருக்க முடியாது.

கே.ஆர்.புரத்தில் மகனோடு இருக்கும் அத்தைக்கு வயது 86. அப்பாவின் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். இன்று காலை அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். படித்துப் பார்க்கக் கண் போதவில்லை. நான் படித்துச் சொன்னேன். நெடுநேரம் கழித்து, “பெரியண்ணனுக்கு முதல்ல ஒரு பையன் பொறந்தான்மா, ஒன்றரை வயசுல போயிட்டான், அப்பா பேருதான் வச்சிருந்தோம்” என்றார்.

தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பேரனுக்குப் பேரன் என்று பெயர். பேரன் என்பது பெயரனின் மருவல் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அந்த வழக்கத்தின்படி தாத்தாவின் பெயர் வைக்கப்பட்ட குழந்தை அது. அதற்குப் பின் பிறந்த நாங்கள் ஒன்பது பேரில் ஒருவரிடமும் எவரும் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

6 மே 2025

மைசூரு சாலை வாசகரே இன்னொரு தடை எழுப்பியிருக்கிறார், நியாயமான தடை. 1901-இல் பிறந்தவரின் ஜாதகம் செல்லரித்துப் போய், 1960 வாக்கில் யாரேனும் கிடைத்த அட்டையில் படி எடுத்து வைத்திருக்கலாம் அல்லவா? அட்டை எழுதிய காலத்தைச் சொல்லுமே தவிர, பிறந்த காலத்தைச் சொல்லாது. அத்தையின் நினைவு அந்தக் குழந்தை இருந்ததைச் சொல்லும், இந்த ஜாதகம் அதனுடையது என்று மெய்ப்பிக்காது.

ஒப்புக்கொள்கிறேன். நயா பைசாவைப் பார்த்ததும் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

11 மே 2025

ராகு தீர்த்துவைத்தார்.

சோமேஸ்வரர் கோவில் பக்கத்தில் ஜாதகம் பார்க்கும் பெரியவரிடம் அட்டையைக் காட்டி, பலன் எதுவும் வேண்டாம், ஆண்டு மட்டும் தெரிய வேண்டும் என்று கேட்டேன். ஆண்டின் பெயர் அறுபது ஆண்டில் திரும்பி வந்தாலும் ராகுவும் கேதுவும் அதே இடத்துக்கு வருவதில்லை, அவற்றின் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் என்று சொன்னார். 1901 ஆவணியில் ராகு துலாத்தில். 1961 ஆவணியில் சிம்மத்தில். எங்கள் அட்டையின் கட்டத்தில் ராகு சிம்மத்தில் இருக்கிறார். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களும் இதை ஏற்கலாம். இது சந்திரனின் பாதை பற்றிய கணக்கு, பலன் அல்ல.

ஆக, அது அந்தக் குழந்தையின் ஜாதகம். தாத்தா பிறந்த ஆண்டுக்கு இப்போது எங்களிடம் இருக்கும் ஒரே சான்று, 1926 என்று தேதியிட்ட சுரங்கச் சீட்டில் வயது 26 என்று எழுதியிருப்பதுதான். அதுவும் எழுத்தர் பார்வையில் மதிப்பிட்ட வயதாக இருக்கலாம். ‘சுமார் 1900’ என்று மாற்றியிருக்கிறேன்.

கட்டம் 2011 ஸ்கேனிலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராகு இருக்கும் ராசியை அப்போதே பார்த்திருக்கலாம். ஸ்கேனில் இருந்த விவரத்தையே நாங்கள் படிக்கவில்லை. தாளைத் திருப்பிய பிறகுதான் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இதை ஸ்கேனின் குறை என்று சொல்வது நேர்மையாகாது.

8 ஜூன் 2025

இப்போது வேறொரு தொல்லை. ‘தாத்தா ஜாதகம் 1901’ என்ற பெயரோடு அந்தக் கோப்பு பதினைந்து கைப்பேசிகளுக்காவது போயிருக்கிறது. 2016-இல் குடும்பம் ஒன்று கூடியபோது ஃபிளெக்ஸ் பலகையில் போட்ட வம்சாவளியிலும் 1901 என்றே அச்சிட்டோம். தாளில் செய்த பிழை ஒரு பெட்டிக்குள் கிடக்கும், ஒரு கோடு போட்டுத் திருத்தலாம். கோப்பின் பெயரில் செய்த பிழையைத் திரும்ப அழைக்க முடியவில்லை. திருத்தம் அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. நேற்றுகூட நெய்வேலியிலிருந்து ஒரு தம்பி பழைய படத்தையே பெருமையோடு எனக்கு அனுப்பினான்.

அதிலிருந்து ஒரு வழக்கத்தைப் பிடித்திருக்கிறேன். ஸ்கேன் செய்யும்போது தாளின் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு வைத்துவிடுகிறேன். அதில் இது என்ன, யாரிடமிருந்து வந்தது, யார் சொன்ன விவரம், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதியிருக்கும். சீட்டும் படத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் கோப்பின் பெயரை யார் மாற்றினாலும் விவரம் கூடவே போகும். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுகிறேன்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைப் போட்டால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். அதற்குப் பின் வீடு, அதற்குப் பின் ஆள். வீட்டை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வம்சாவளி மென்பொருள்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கு இருப்பது தலைமுறைதோறும் மாறும் தலைப்பெழுத்து. பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பின் அதுவும் மாறிவிடுகிறது. எழுத்தைக் கொண்டு அடுக்கினால் அப்பாவும் மகனும் வெவ்வேறு குடும்பமாகிவிடுவார்கள். தவிர, அத்தை மகனையும் மாமன் மகளையும் மணந்த குடும்பங்களில் ஒரே ஆள் வம்சாவளியில் இரண்டு இடத்தில் வருவார். எங்கள் வீட்டில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள். ‘தங்க வயல் வீடு’, ‘குடியாத்தம் வீடு’, ‘அல்சூர் வீடு’ என்று பிரித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

13 ஜூலை 2025

இதுவரை தாளின் பக்கமே பேசியிருக்கிறேன். ஸ்கேன் இல்லாவிட்டால் எங்களுக்குக் கிடைத்தே இருக்காத ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும்.

பெட்டியில் 61 கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன, நான்கு மூலையிலும் மஞ்சளோடு. கருமாதிப் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்; அதை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் எப்போது கல்யாணம் செய்தார்கள் என்பது நாள், நேரம், மண்டபம் வரை தெரியும்; யார் எப்போது இறந்தார்கள் என்பது தெரியாது. இறந்த தேதியோடு மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே தாளில் அடுக்கித் தருவது அந்தப் பத்திரிகைதான். அத்தனையையும் கிழித்துவிட்டோம்.

2009-இலிருந்து வாசலிலேயே நின்று அதைப் படம் எடுத்துக்கொள்ள அம்மா எனக்கு அனுமதி கொடுத்தார். தாள் உள்ளே வரக் கூடாது, படம் வரலாம். படம் எடுத்ததும் அவரே வாங்கிக் கிழித்துவிடுவார். இப்படி 38 பத்திரிகைகள் சேர்ந்திருக்கின்றன. அம்மாவுடையது 39-ஆவது. அதையும் வாசலில் வைத்துத்தான் எடுத்தேன்.

இறந்தவரின் ஜாதகத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஆற்றில் விடுவார்கள். அப்படியானால் அந்தக் குழந்தையின் ஜாதகம் மட்டும் எப்படிப் பெட்டிக்குள் தங்கியது என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிறு குழந்தைக்குப் பத்திரிகை அடிக்க மாட்டார்கள். 1961-இல் பிறப்புப் பதிவு எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவாகப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-இல்தான் வந்தது. அந்தக் குழந்தை இருந்ததற்கு அந்த அட்டை ஒன்றுதான் எழுத்து. அதை ஆற்றில் விட யாருக்கோ மனம் வரவில்லை. பெரியம்மாவாக இருக்கலாம் என்று அத்தை நினைக்கிறார். இதை நான் சீட்டில் ‘ஊகம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

24 ஆகஸ்ட் 2025

மழைக்காலம் என்பதால் பாதுகாப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள்.

லேமினேஷன் வேண்டாம். அப்பாவின் பள்ளிச் சான்றை 1990-களில் லேமினேஷன் செய்தோம். இன்று உள்ளே மஞ்சள் படர்ந்து, ஓரத்தில் காற்றுப் புகுந்து மை மங்கிக்கொண்டிருக்கிறது, பிரிக்கவும் முடியாது. செல்லோடேப் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள்; அந்தக் காகிதத்தின் அமிலம் உள்ளிருக்கும் தாளையும் பழுக்க வைக்கும். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பரண் வேண்டாம், வெயில் காலத்தில் சூடும் மழைக் காலத்தில் ஈரமும் அங்கேதான் அதிகம், ராமபாணப் பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். எங்கள் பெட்டி இப்போது படுக்கையறை அலமாரியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதி வீடுகளில் வெள்ளம் புகுந்ததைப் பார்த்த பிறகு, தரையோடு ஒட்டி எதையும் வைக்க மனம் ஒப்பவில்லை.

ஸ்கேன் கோப்புகளுக்கும் செல்லரிப்பு உண்டு. 2011 ஸ்கேனை இரண்டு சிடிகளில் வாங்கினேன். 2019-இல் ஒன்று திறக்கவே இல்லை. மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்று சொல்லப்படும் முறையை இப்போது பின்பற்றுகிறேன்: வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், கிளவுட்டில் ஒன்று, கோவையில் தங்கையிடம் ஒரு ஹார்ட் டிஸ்க். பென் டிரைவை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்து நம்ப வேண்டாம்.

1998-இல் அப்பா சொல்லச் சொல்ல ஒரு வம்சாவளியைத் தமிழில் தட்டச்சு செய்தேன். அப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடு எங்களை எட்டியிருக்கவில்லை. இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வருகின்றன. எந்த எழுத்துரு என்பதே மறந்துவிட்டது. நல்லவேளையாக அதை அப்போதே அச்சிட்டு அப்பா பெட்டிக்குள் வைத்திருந்தார். அச்சுத் தாளையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் எழுத்துருவைக் கண்டுபிடித்து மாற்றினேன்.

21 செப்டம்பர் 2025

முதலில் கேள்வி கேட்ட ஒயிட்ஃபீல்டு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்து, பத்து ஆண்டு மின்கட்டண ரசீதுகளையும் வங்கிச் சீட்டுகளையும் மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருக்கிறார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. எல்லாத் தாளையும் தெய்வமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெப்பத்தால் அச்சிடும் வழவழப்பான ரசீதுகள் எப்படியும் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். அவற்றில் வேண்டியதை ஸ்கேன் செய்துவிட்டு எறிவதுதான் முறை. மற்றொரு பெட்டியைத் தன் அம்மா ஊரிலிருந்து வரும் வரை திறக்கப்போவதில்லை என்கிறார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு தாளையும் எடுத்துக் கொடுத்து, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தாள் போதும். அத்தை அதற்கு மேல் களைத்துவிடுகிறார்.

2 நவம்பர் 2025

அந்த அட்டை என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் பெரியப்பா மகளிடம், எங்கள் அக்காவிடம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இருபக்கமும் 600 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்த படம் மூன்று இடங்களிலும் இருக்கிறது. தாள் அவருடையது. 1964-இல் பிறந்த அவர், 61 ஆண்டுகளாகத் தன்னையே வீட்டுக்கு மூத்தவள் என்று எண்ணி வாழ்ந்தவர். அட்டையை வாங்கி முதலில் திருப்பி வாய்பாட்டைத்தான் படித்தார். பிறகு ஜாதகத்தைப் படித்தார். ஆற்றில் விட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, அம்மா விடாததைத் தானும் விடப்போவதில்லை என்றார்.

புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். வம்சாவளியில் அவர் பெயருக்கு எதிரே ‘தலைப்பிள்ளை’ என்று எழுதியிருந்தோம். அதை எடுத்துவிட்டு, அவருக்கு மேலே அண்ணனின் பெயரை எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், பிலவ, ஆவணி, 1961 என்று ஆண்டையும் சேர்த்து.